நாலு பேனா... நூறு பேர்!

தென்னேரி ஏரியில் மிதந்தவனின் சட்டைப் பையில் நான்கு பேனாக்கள் இருந்தன.

நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை.

பின்னந்தலையில் ஆழமான காயம். மதகுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. பைக்குள் பூர்த்தி செய்த நூறு சர்வே படிவங்கள், ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல்...

செத்தவன் பெயர் வேலாயுதம். வயது நாற்பத்தாறு. டி.வி. நிகழ்ச்சிக்காக நூறு பேரைத் தேடிப் போய் அபத்தமான கேள்விகள் கேட்பது அவனுடைய வேலை.

அது வியாழக்கிழமை சாயங்காலம்.

இன்று ஞாயிறு. மணி மூன்று இருபது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார வேண்டிய மேடையில் பஸ்ஸர் மேஜை, மின்சாரப் பலகை, கலர் கலராக விளக்கு. 'ஊரு இன்னா சொல்லுது?' நிகழ்ச்சியின் படப்பிடிப்பு!

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஷாரோனின் செல்போன் அலறியது.

"எங்க இருக்கீங்க ஷாரோன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஷூட்டிங்ல சார்."

"உங்கப்பா மேடையேறி கூத்தடிக்கறத பாக்கவா கவர்மென்ட் சம்பளம் குடுக்குது?"

"வேலாயுதம் கடைசியா வேலை செஞ்சது இந்த ப்ரோகிராமுக்குதான் சார். விசாரிக்கலாம்னு..."

"இதுல விசாரிக்க இன்னா இருக்குது? பொண்டாட்டி வடிவுதான். தெருவுல பத்து பேர கேட்டேன். ஒம்போது பேரு அவதான்னு சொல்லிட்டாங்க."

"பத்தாவது ஆள் சார்?"

"அது வடிவு."

ஷாரோன் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆறு மணிக்கு அவள அரெஸ்ட் பண்றேன். அதுக்குள்ள வேற பேரு இருந்தா கொண்டு வாங்க. அஞ்சே காலுக்கு நான் அங்கதான் வர்றேன். ப்ரைஸ் குடுக்க என்னைய சீஃப் கெஸ்ட்டா கூப்பிட்டிருக்காங்க!"

போன் செத்தது.

வியாழக்கிழமை ஏரிக்கரையில் வடிவு தன் கையைப் பிடித்துக்கொண்டு கதறியது ஷாரோனுக்கு மறக்கவில்லை. "நான் கத்துவேம்மா... ஊரே கேக்கற மாதிரி கத்துவேன். அடிக்க மாட்டேம்மா!"

ஷாரோன் அதை நம்பினாள். ஆனால் சப்-இன்ஸ்பெக்டரின் நம்பிக்கையை எந்தக் கோர்ட்டும் சாட்சியாக ஏற்பதில்லை. ஆறு மணிக்குள் வேறொரு பெயர் கிடைக்காவிட்டால், கத்திய குற்றத்துக்காக வடிவு கொலைகாரியாகிவிடுவாள்.

இதில் இன்னொரு வேதனை. அந்த நூறு படிவங்களை நிகழ்ச்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தவள் ஷாரோன்தான்!

தொகுப்பாளன் குரு வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து அழாத குறையாகக் கெஞ்சினான். 'வழக்குக்குத் தேவையில்லை' என்றார் இன்ஸ்பெக்டர். ஷாரோன் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போகும்போது குரு இன்னொன்றும் கேட்டான்.

"பை ஏரிக்கரையில கெடைச்சது வெளிய தெரிய வேணாம் மேடம். பொணத்துக்குப் பக்கத்துல எடுத்த சர்வேன்னா எவன் விளம்பரம் குடுப்பான்?"

அந்த விளம்பரம் கொடுப்பவர் இப்போது ஷாரோனுக்குப் பக்கத்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

திருஞானசம்பந்தம். பட்டுக்கடை முதலாளி. அவர் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு புடவைகளை விற்றுவிடக்கூடியவர்.

வெள்ளைச் சட்டை. வெள்ளை பேண்ட். வெள்ளை ஷூ! கடை, வீடு, கோயில் என்று எந்த வாசலானாலும் செருப்பைக் கழற்றிவிட வேண்டிய ஊரில் ஷூவோடு அலையும் ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

"வேலாயுதம் முன்னாடி உங்க கடையில வேலை செஞ்சாராமே சார்?" ஷாரோன் கேட்டாள்.

"லேபிள் ஒட்டிக்கினு இருந்தாம்மா. ஆறு மாசத்துக்கு முன்னாடி நின்னுட்டான். அதுக்கப்புறம் அவன் மூஞ்சியக்கூட நான் பாக்கல. பாவம்!"

பாவம் என்று சொல்லும்போது அவர் தன் ஷூவில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மேடையில் குரு மைக்கைப் பிடித்தான்.

"வேலாயுதம் அண்ணன் வியாழக்கிழமை தெருத் தெருவா சுத்தி, நூறு பேர கேட்டு, நம்ம ஆபீஸ்ல கொண்டாந்து குடுத்த கடைசி சர்வே இது! அவருக்காக ஒரு நிமிஷம் மௌனம்!"

பதினொரு விநாடியில் மௌனம் முடிந்தது. விளம்பர இடைவேளை கணக்கு அப்படி.

இந்த விளையாட்டைப் பார்த்திராத அதிர்ஷ்டசாலிகளுக்காக...

ஒரு கேள்வியை நூறு பேரிடம் கேட்பார்கள். வந்த பதில்களை, எத்தனை பேர் சொன்னது என்ற வரிசையில் பலகையில் மூடி வைப்பார்கள். இரண்டு குடும்பங்கள் மோதும். பஸ்ஸரை முதலில் அடித்தவர் பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் யாருக்கும் வேண்டாம்! அந்த நூறு பேர் என்ன உளறியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று அறுபது பேர் சொல்லியிருந்தால் அது மேற்கேதான் உதிக்கும். அறுபது பாயிண்ட்!

மூன்று தப்பு ஆகிவிட்டால் எதிர்க் குடும்பத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பு. மூடிக் கிடக்கும் பதிலில் ஒன்றை அவர்கள் சொல்லிவிட்டால், அதுவரை சேர்ந்த பாயிண்ட் மொத்தமும் அவர்களுக்கு. அடுத்தவன் உழைப்பை அள்ளிக்கொண்டு போகும் இந்தக் கட்டத்தில்தான் கைதட்டல் அதிகம் விழும்.

இன்ஸ்பெக்டரின் புலன்விசாரணையும் இதே விதிகளின்படிதான் நடந்துகொண்டிருந்தது.

இடது பக்கம் தாவீது குடும்பம். தாவீது ஷாரோனின் அப்பா. ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாப் பிரச்னைக்கும் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர். வலது பக்கம் சோடாக்கடை ஹனீஃபா குடும்பம். முன்னால் நின்றவள் ஹனீஃபாவின் மனைவி ஷமீம் பானு.

"முதல் கேள்வி! விருந்தாளி வந்தா மொதல்ல இன்னா குடுப்பீங்க?"

தாவீது பஸ்ஸரைக் கும்மினார்.

"காபி!"

காபி... பதினொன்று!

"அவ்ளோதானா? நூறு பேரும் இந்த ஊருதானேப்பா?"

"ஷமீம் அக்கா, நீங்க?"

ஷமீம் பானு ஒரு விநாடி மேலே பார்த்தாள்.

"பன்னீர் சோடா."

மண்டபம் சிரித்தது. தாவீது எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தார்.

பன்னீர் சோடா... ஐம்பத்திரண்டு! நம்பர் ஒன்!

தாவீதின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டாவது கேள்வி! முக்கியமான பொருள வூட்ல எங்க ஒளிச்சு வெப்பீங்க?"

"பீரோ!" தாவீது கத்தினார்.

பீரோ... நான்கு.

"தறிக்குழி," என்றாள் ஷமீம் பானு.

தறிக்குழி... அறுபத்து மூன்று!

"அடப்பாவிங்களா!" தாவீது பலகையைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஊர்ல பாதி வூட்ல தறியே இல்ல. இதுல அறுவத்து மூணு பேரு குழியில ஒளிக்கறானுங்களா?"

அப்பா வாழ்நாளில் ஒரு தடவை நியாயமாகக் கேட்டுவிட்டார் என்று ஷாரோனுக்குத் தோன்றியது.

இடைவேளை விட்டதும் ஷமீம் பானுவை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"எப்படிக்கா எல்லாம் நம்பர் ஒன்னா சொல்றீங்க? யாராவது முன்னாடியே சொல்லிக் குடுத்தாங்களா?"

"அல்லா மேல சத்தியமா இல்லம்மா!" ஷமீம் பானுவின் கண் கலங்கியது. "வேலாயுதம் அண்ணன் பன்னெண்டு வருசமா எங்க கடை பெஞ்சுலதான் ஒக்காருவாரு. ஒரு நாளைக்கு நாலு பன்னீர் சோடா. அவரு நெனப்பாவே இருக்குது. கேள்வி கேட்டதும், இதுக்கு அண்ணன் இன்னா சொல்லியிருப்பாருன்னு தோணுது. அத்தயே சொல்றேன். எல்லாம் மேல வருது. எனக்கே ஒடம்பு நடுங்குதும்மா!"

"தறிக்குழி?"

"அவரு எப்பவும் சொல்றதுதான். தறிய வித்துட்டாரு, நெய்யும்போது கால் வெக்கற அந்த குழி மட்டும் வூட்ல இருக்குது. 'குழியில போட்டா எமனுக்குக்கூட தெரியாதுக்கா'ம்பாரு."

ஷாரோனுக்குச் சுரீர் என்றது.

சட்டைப் பையில் நாலு பேனா!

மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஓடினாள். குருவின் மேஜையிலிருந்த படிவக் கட்டைப் பிரித்தாள். நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை... இருபத்தைந்து இருபத்தைந்தாக! பாதி எழுத்து நேராக. மீதி எழுத்து குடிகாரன் நடந்துபோன மாதிரி.

"குரு! இது மொத்தமும் ஒரே ஆள் எழுதினதா?"

குரு அவசரமாக அறைக் கதவைச் சாத்தினான்.

"சந்தேகம் உண்டு மேடம்... ஆனா கேக்கல. நெசமாவே தெருவுல போய்க் கேட்டா நூறு பேரும் 'போய்யா'ன்னுதான் சொல்வாங்க. பலகையில 'போய்யா, நூறு'ன்னு போட முடியுமா?"

"அடுத்த கேள்வி, பதில் எல்லாம் காட்டு."

"பதில கம்ப்யூட்டர்ல ஏத்தின பொண்ணு பலகைய பூட்டிட்டா மேடம். மேடையில தெறந்தாதான் எனக்கே தெரியும். படிவத்துல வேணா பாருங்க..."

"டைம்! டைம்!" என்று யாரோ கத்தினார்கள். குரு கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஷாரோன் செல்போனை எடுத்தாள். வடிவு தப்பி ஓடாமல் இருக்க, அவள் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த கான்ஸ்டபிள் முனிசாமியைக் கூப்பிட்டாள்.

"முனிசாமி அண்ணே, உள்ள தறிக்குழி இருக்குதா?"

"இருக்குது மேடம். பலகை போட்டு மூடி, மேல மிக்ஸிய வெச்சிருக்காங்க."

"மிக்ஸிய எறக்குங்க. பலகைய தூக்குங்க. குழிக்குள்ள இன்னா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க!"

"பாம்பு இருந்தா மேடம்?"

"அப்பவும் பண்ணுங்க!"

மணி ஐந்து பதினேழு.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சம்பந்தம் எழுந்து பொன்னாடை போர்த்தினார். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"கடைசிக் கேள்வி!" குரு கத்தினான். "தனியா போய்க்கினு இருக்கீங்க. திடீர்னு எதிர்ல வந்தா... யாரப் பாத்து ரொம்ப பயப்படுவீங்க?"

தாவீது பஸ்ஸரை உடைக்கப் பார்த்தார்.

"பொண்டாட்டி!"

மண்டபம் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீங்களா ஷாரோன்? இதான் ஊர் நெலவரம்!"

பேஏஏஏ...!

பலகையில் சிவப்புக் குறுக்குக் கோடு விழுந்தது.

"சார், பொண்டாட்டின்னு நூறுல ஒருத்தர்கூட சொல்லல!"

"இவனுங்க எந்த ஊரு ஆம்பளைங்கப்பா?" தாவீது தலையில் கை வைத்தார்.

ஷாரோன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நூறு படிவம். ஒரே மனிதன். அவன் தன் மனைவியைக் கண்டு பயப்படவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை!

அப்படியானால் யாரைக் கண்டு?

"தெருநாய்!" ஷமீம் பானு.

இருபத்தேழு!

"போலீஸ்!" ஹனீஃபா.

பதினெட்டு! இன்ஸ்பெக்டர் பெருமையாகக் கையசைத்தார்.

"இன்சூரன்ஸ் ஏஜென்ட்!"

ஒன்பது! அதன் பிறகு பேய், மாமியார், தாசில்தார் என்று மூன்று தப்பு. தாவீது குடும்பத்துக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. "பாம்பு!" என்றார் தாவீது. அதுவும் இல்லை.

நம்பர் ஒன் மட்டும் மூடிக் கிடந்தது.

"யாருமே கண்டுபுடிக்காத அந்த பதில்... ஓப்பன்!"

பலகை திரும்பியது.

வெள்ளை ஷூ போட்ட ஆளு... நாற்பத்தாறு!

குரு இரண்டு தடவை படித்தான். சமாளிக்கப் பார்த்தான்.

"வெள்ளை ஷூன்னா... ஸ்கூல் பசங்களா இருக்குமோ? ஹி... ஹி..."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஒரு குழந்தை பார்த்தது. பிறகு அதன் அம்மா. பிறகு மொத்த மண்டபமும் முன்வரிசை சோபாவின் கீழே பார்த்தது.

சம்பந்தம் தன் இரண்டு கால்களையும் மெதுவாக சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஷாரோன் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். நூறு படிவமும் ஒரே ஆள் எழுதியது என்பதை அவள் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

"நாப்பத்தாறு பேரு சார்! உங்களப் பாத்து நடுங்கறாங்க. ஒவ்வொருத்தரா ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, எதுக்கு பயம்னு எழுதி வாங்கப்போறேன்."

"எந்த நாப்பத்தாறு பேரு?" சம்பந்தம் துள்ளி எழுந்தார். "சுத்த ஃபிராடும்மா! நூறும் அவன் ஒருத்தன் எழுதினது! மதகு மேல ஒக்காந்துக்கினு, பாதி சோத்துக் கையால, பாதி இடது கையால..."

நிறுத்தினார்.

ரொம்ப லேட்.

"ஆறு மாசமா அவர் மூஞ்சியையே பாக்கலன்னீங்களே சார்?"

"அது... யாரோ சொன்னாங்க..."

"யாரு? ஆபீஸ்ல கொண்டாந்து குடுத்தார்னுதான் குரு மேடையில சொன்னாரு. பை மதகுகிட்ட கெடைச்சது எனக்கும் குருவுக்கும் இன்ஸ்பெக்டருக்கும்தான் தெரியும். இடது கை விஷயம் எங்க மூணு பேருக்குமே தெரியாது சார்!"

சம்பந்தம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் தோளிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார். பிறகு அதை ஜாக்கிரதையாகக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டார்.

ஷாரோனின் செல்போன் அலறியது.

"மேடம், முனிசாமி! குழியில ஒரு மஞ்சப்பை. ரெண்டு புடவை, சம்பந்தம் சார் கடை லேபிளோட. லேபிள்ல சுத்த ஜரிகைன்னு போட்டிருக்குது. கூடவே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட். ஜரிகையில தங்கமும் இல்ல, வெள்ளியும் இல்லன்னு இருக்குது. அப்பறம் கைத்தறி ஆபீசுக்கு ஒரு மனு. வெள்ளிக்கிழமை தேதி போட்டு வெச்சிருக்காரு. பாம்பு இல்ல மேடம்!"

"பாம்பு இங்க இருக்குதுண்ணே," என்று சொல்லி ஷாரோன் போனை வைத்தாள்.

அதன் பிறகு சம்பந்தம் தானாகவே உட்கார்ந்தார். தானாகவே பேசினார்.

"ஒரு மாசமா அவன் பின்னாலயே சுத்தினேன். குடுத்துடுடான்னு கெஞ்சினேன், மெரட்டினேன். அன்னிக்கும் கேட்டேன். தலைய நிமித்தாம எழுதி முடிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு பையில வெச்சான். 'நாளைக்கு மனு குடுக்கறேன் மொதலாளி'ன்னான். பக்கத்துல கல்லு கெடந்துச்சு..."

"படிவங்கள ஏன் சார் விட்டுட்டுப் போனீங்க?"

"குப்பைம்மா அது! டி.வி.க்காரனுக்கு எழுதற குப்பை. அத்த எவன் படிப்பான்?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேமரா பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஆரம்பத்துலயே இவர் மேலதான் டவுட்டு. நான்தான் ஷாரோன இங்க அனுப்பி வெச்சேன்."

அடுத்தவர் பாயிண்ட்டை அள்ளும் கட்டம். வழக்கம்போல நல்ல கைதட்டல் விழுந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாவீது மகளிடம் ஓடி வந்தார்.

"பாப்பா! சர்வே டுபாக்கூர்னா அந்த பன்னீர் சோடா செல்லாதுதானே? எங்க காபிக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுக்கச் சொல்லேன்!"

"அப்பா... வூட்டுக்குப் போங்க."

ஆறரைக்கு ஷாரோன் தென்னேரியில் இருந்தாள்.

வடிவு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பலகை தூக்கிய தறிக்குழி வாயைப் பிளந்து கிடந்தது. மிக்ஸி தரையில் இருந்தது. ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். பேனா, சோடா, குழி, ஷூ, கல்.

வடிவு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைய பத்தி... ஏதாவது எழுதியிருந்தாராம்மா?"

"எங்கப்பா பொண்டாட்டின்னுதான் பதில் சொன்னாரு. பலகையில இல்லக்கா. நூறுல ஒண்ணுகூட இல்ல. அவருக்கு உங்கள பாத்து பயமே இருந்ததில்லக்கா."

அவ்வளவுதான். மூன்று நாளாகப் போலீசுக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வெளியே வந்தது. ஷாரோன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து வடிவு மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். ஏதோ கணக்குப் பார்ப்பவள் போல முகம் மாறியது.

"இன்னாம்மா சொன்ன? தெருநாய்க்கு எத்தினி?"

"இருபத்தேழுக்கா."

"இருவத்தி ரெண்டு வருசம்மா... தொண்டத் தண்ணி வத்த கத்தியிருக்கறேன்!" வடிவின் குரல் தெருக்கோடிக்குக் கேட்டது. "நாய்க்கு இருவத்தேழு குடுத்த மனுஷன்... எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுக்கக் கூடாதா?!"